அறுந்துபோக வேண்டிய தையல்

புதிதாகத் தோல் வேலை தொடங்குகிறவர்கள் முதலில் கத்தியைப் பற்றிக் கேட்பார்கள், அல்லது தோல் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்பார்கள். ஒரு பணப்பை, ஒரு சாவி உறை என்று இரண்டு பொருள் முடித்துவிட்டுத் தோள்பைக்கு வரும்போது எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். வாரை எவ்வளவு பலமாகத் தைக்க வேண்டும்? முன்பு இதற்கு யோசிக்காமல் பதில் சொல்வேன். முடிந்த அளவு பலமாக என்பேன். இப்போது யாராவது கேட்டால் கொஞ்சம் உட்கார்ந்துகொண்டுதான் சொல்ல முடிகிறது.

கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். குடுவை கழுவுவது, அமிலப் புட்டிகளை எண்ணி வைப்பது, மாணவர்கள் உடைத்ததைக் கூட்டி அள்ளுவது. வீட்டில் நாங்கள் மூன்று பேர்: கணவர், நான், ஒரே மகள். மகள் படிக்க வெளியூர் போன வருடம் தோல் வேலையைப் பிடித்துக்கொண்டேன். கலை ஆர்வம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் ஃபோனைக் கீழே வைப்பதற்கு ஒரு வழி தேவைப்பட்டது. சாப்பிட்டாளா, அறைக்கு வந்துவிட்டாளா, கடைசியாக எப்போது செய்தி பார்த்தாள் என்று கால் மணிக்கு ஒருமுறை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். தோல் தைக்க இரண்டு கையும் வேண்டும். இரண்டு ஊசி, நடுவில் ஒரு நூல், முழங்கால்களுக்கிடையே மரக் கவ்வி. ஃபோனை எடுக்கக் கை இருக்காது. என்னைப் போன்ற ஆட்களுக்கு இந்த வேலையில் இருக்கும் முதல் நன்மை அதுதான்.

பங்சாரில் ஒரு கடை மாடியில் சனிக்கிழமை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். சொல்லிக் கொடுத்தவர் என்னைவிட இளையவர், சீனப் பெண். அதிகம் பேசமாட்டார். தவறாகத் தைத்தால் ஒன்றும் சொல்லாமல் பிரித்துக் கையில் கொடுத்துவிடுவார்.

கணவரின் அக்காள்தான் வாயை மூடவில்லை. "ஏழு எட்டு சர்டிபிகேட் வாங்கி, கவர்மெண்ட் வேலையில இருந்துகிட்டு, கடைசில செருப்பு தைக்கிற வேலையாம்மா கிடைச்சுது?" என்றார், மேசையில் விரித்திருந்த தோலைத் தொடாமல் சுற்றிப் போய் உட்கார்ந்தபடி. அந்தப் பேச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். நான் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் கழித்துக் கண்ணாடிக்கு ஓர் உறை வேண்டும் என்று அவரே கேட்டார்.

"மாட்டுத் தோலா, ஆட்டுத் தோலா?" என்று முதலில் விசாரித்தார்.

"ஆடுதான்."

"அப்ப சரி. சாமி ரூமுக்கு மட்டும் கொண்டு போகமாட்டேன்."

நம் வீடுகளில் இதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. சிலருக்கு மாட்டுத் தோல் ஆகாது, ஆடு பரவாயில்லை. மலாய்த் தோழிகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் உள்பக்கம் ஒட்டும் மெல்லிய தோல் என்னவென்று கடைக்காரரிடம் இரண்டு முறை கேளுங்கள். மலிவான உள்தோல் பல நேரம் பன்றி. நெருக்கிய மும்மூன்று புள்ளியாக மயிர்க்கால் தெரிந்தால் எடுக்காதீர்கள். நான் ஒருமுறை கேட்காமல் வாங்கிவிட்டேன். பள்ளி அலுவலகத்தில் ஒருவருக்குக் கொடுக்க எடுத்து வைத்த பணப்பையைக் காலையில் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

வேறு சில சின்ன விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஐம்பது கருவி கொண்ட பெட்டி விற்பார்கள், வாங்காதீர்கள். ஐந்து போதும்: கத்தி, குத்தூசி, பல் வைத்த உளி ஒன்று, இரண்டு ஊசி, ஒரு சுத்தியல். உளியை இரவில் தட்டாதீர்கள். நம் வரிசை வீடுகளில் சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். கத்தி மழுங்கினால்தான் கையை வெட்டும். கூராக இருந்தால் தோலை வெட்டும். தோலைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்தால் நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு வாரத்தில் பச்சையாகப் பூஞ்சை பூத்துவிடும். பழைய பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் படும்படி வையுங்கள். தேங்காயெண்ணெய் பூசாதீர்கள். நம் கை தானாக அதைத்தான் தேடும். முதல் நாள் பளபளவென்றிருக்கும். பிறகு கறுத்து, சிக்குப் பிடித்த தலையணை வாடை அடிக்கும்.

தையலுக்கு வருகிறேன். மெஷின் தையலில் ஓர் இடம் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். கைத்தையல் அப்படி இல்லை. ஒரே நூலின் இரு முனைகளும் ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக நுழைந்து போகின்றன. ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். வரிசை முடிந்ததும் இரண்டு துளை பின்னால் திரும்பித் தைத்து, நூலை வெட்டி, முனையைச் சுட்டு அமுக்க வேண்டும். அந்த இரண்டு துளைதான் பூட்டு. வகுப்பில் அந்தப் பெண் அடிக்கடி சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்: முடித்த பின் இரண்டு துளை திரும்பி வா. முதல் வருடம் மறந்து மறந்து பிரித்தேன். அதன் பிறகு நான் நினைக்கத் தேவையில்லாமல் போனது. கை தானாகத் திரும்பிவிடும்.

படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்த மகளுக்கு வேலை கிடைத்தபோது ஒரு பை தைத்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கட்டட வரைபட அலுவலகம், பத்துப் பேர் வேலை செய்யும் இடம். கிள்ளானிலிருந்து கொமூட்டர் ரயிலில் போய் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, பத்து நிமிடம் நடை. பைக்கு எருமைத் தோல், தேநீர் நிறம். அதுவரை நான் செய்ததிலேயே நல்ல வேலை. வாரை இரண்டு அடுக்காக ஒட்டி, இரு விளிம்பிலும் நீளம் முழுக்கத் தைத்தேன். பையோடு சேரும் இரண்டு வளையங்களிலும் வாரின் நுனியை மடித்துப் பெட்டி போலத் தைத்து, நடுவில் ஒரு பித்தளை ஆணியும் அடித்தேன். கணவர் அதை போர்ச்சின் இரும்புக் கம்பியில் மாட்டி, காலைத் தூக்கித் தொங்கிப் பார்த்தார். அவர் ஒல்லியான ஆள் இல்லை.

"லோரிய கட்டி இழுக்கலாம்லா இதுல," என்றார்.

மகள் சிரித்துக்கொண்டே வாங்கி ஒரு தோளில் போட்டாள். நான்தான் அதை எடுத்துத் தலை வழியாகக் குறுக்கே மாட்டிவிட்டேன். "ஒரு பக்கம் மட்டும் போடாதே. மோட்டார்ல வந்து இழுத்துட்டுப் போயிடுவானுங்க. குறுக்கப் போட்டா ஒன்னும் பண்ண முடியாது." இந்த வட்டாரத்தில் பெண் பிள்ளை பெற்ற எந்த அம்மாவும் சொல்வதுதான். என் அம்மாவும் எனக்குச் சொன்னார்.

ஏழு மாதம் அந்தப் பையோடு போய் வந்தாள். எட்டாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறரை மணி இருக்கும், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பூத்தொடுக்கும் கடை அக்காள் ஒருவர். என் மகள் தினமும் கடந்து போகும் கடை. "ஆன்டி, பதறாதீங்க, பிள்ளைக்கு நினைவு இருக்கு," என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியத்துக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். வேலை முடிந்து கடைகளுக்கு முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் அஞ்சடி நடைபாதையில் நடந்து வந்தவள், நடைபாதை முடிந்த இடத்தில் சாலையில் இறங்கியிருக்கிறாள். பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்தவன் பையைப் பிடித்து இழுத்திருக்கிறான். சாதாரணக் கடைப் பையாக இருந்தால் வாரின் தையல் அங்கேயே விட்டிருக்கும், பை அவனோடு போயிருக்கும், இவள் கீழே விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு அழுதபடி வீட்டுக்கு வந்திருப்பாள். என் வார் விடவில்லை. மார்புக்குக் குறுக்கே இருந்ததால் கழன்றும் வரவில்லை. மோட்டார் போன வேகத்துக்கு அவளும் தரையோடு போனாள். பூக்கடையிலிருந்து அடுத்த பிளாஸ்டிக் சாமான் கடை வாசல் வரைக்கும் என்றார் அக்காள். பிறகு நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். நடந்து அளந்தால் பதினொரு காலடி. கடைசியில் அவன்தான் பையை விட்டான்.

இடது காறை எலும்பு முறிந்திருந்தது, கழுத்துக்குக் கீழே. முழங்காலிலும் இடுப்பிலும் தோல் உரிந்திருந்தது. தோல் என்ற சொல்லை அன்றுவரை நான் எவ்வளவு இயல்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தாடையில் ஐந்து தையல். ஒவ்வொன்றையும் மருத்துவர் தனித்தனியாக முடிச்சிட்டிருந்தார். ஆறிய பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம் என்றார் தாதி. மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அந்த முடிச்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூக்கடை அக்காள் மருத்துவமனைக்கே வந்துவிட்டார், கையில் மல்லிகை வாசனையோடு. பையை ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். "ஆன்டி, பேக்குக்கு ஒன்னுமே ஆகலை. ஃபோன், ஐசி, பர்ஸ், எல்லாம் அப்படியே இருக்கு. பாருங்க, ஒரு தையல்கூட விடல. எங்க வாங்குனது?"

நான் பையை வாங்கிக் கட்டில் ஓரத்தில் வைத்தேன். கட்டிலிலிருந்து மகள்தான் சொன்னாள், வீங்கிய தாடையோடு, பெருமையாக. "எங்கம்மா தச்சது, அக்கா."

கணவர் வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பையை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தாரில் தேய்ந்து வெளுத்திருந்தது. அவ்வளவுதான். வார் ஒரு நூல் அகலம்கூட நீளவில்லை. பெட்டித் தையல் நேற்றுத் தைத்ததுபோல இருந்தது. எனக்குத் தெரிந்த வேலையில் நான் ஒரு தவறும் செய்யவில்லை. பையைத் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்தேன்.

பிறகு மூன்று மாதம் கருவிப்பெட்டி மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. நான் சொன்ன புத்தியை நானே கேட்கவில்லை. இரண்டு சுருள் தோல் பிளாஸ்டிக்கிலேயே இருந்து பூஞ்சை பூத்துப் போனது. பள்ளியில் குடுவைகள் கை நழுவின. மோட்டார் சத்தம் பின்னால் கேட்டால் சுவரோரம் நின்றுவிடுவேன், அது எங்கள் தெருவில் ரொட்டி விற்கிறவருடையதாக இருந்தாலும். கணவர் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, "அன்னிக்கு நான் ஏன் லோரின்னு சொன்னேன்?" என்றார். நான் ரசத்தை ஊற்றினேன். 

மகளுக்கு எலும்பு கூடியது. மீண்டும் வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னாள். கிள்ளானிலேயே ஏதாவது பார்க்கலாமே என்றேன். அப்பாவே காரில் கொண்டு போய் விடட்டும் என்றேன். இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, திங்கட்கிழமை கொமூட்டரில் போனாள், பேரங்காடியில் கொடுக்கும் பச்சைத் துணிப்பையைக் கையில் தூக்கிக்கொண்டு. உள்ளே குடையும் சாப்பாட்டு டப்பாவும். இரண்டு வாரம் அப்படியே போய் வந்தாள். மூன்றாவது வாரம் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"மா, என் பேக் எங்க?"

"எதுக்கு?"

"எதுக்கா? போட்டுக்கத்தான்."

"அத தூக்கிப் போட்டுட்டேன்."

"பொய் சொல்லாதீங்கலா. அலமாரி மேல இருக்கு, பார்த்தேன்."

"அது வேணாம்மா."

"இந்தப் பச்சப் பைய தூக்கிகிட்டு மீட்டிங் போனா, மீன் வாங்க வந்தியான்னு கேட்கறாங்க. நீங்க தரலேன்னா நான் கடைல ஒன்னு வாங்கிக்குவேன். அது எப்படித் தச்சிருக்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் யோசித்து வைத்திருந்து சொன்னாளா, வாய்க்கு வந்து சொன்னாளா தெரியவில்லை. அன்று மாடிப்படிக்குக் கீழிருந்து பெட்டியை எடுத்தேன். அவளை அந்தச் சாலையில் நடக்காமல் தடுக்க என்னால் முடியாது. அடுத்த முறை யாராவது இழுத்தால் பை போக வேண்டும், பிள்ளை நிற்க வேண்டும். என் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

இனி சொல்வதுதான் நான் உண்மையில் சொல்ல வந்த யோசனை. வாரில் ஓர் இடம் வேண்டுமென்றே பலவீனமாக இருக்க வேண்டும். ஒரே ஓர் இடம், எங்கே என்று உங்களுக்குத் தெரிந்த இடம். தினமும் தூக்கும் கனத்தைத் தாங்க வேண்டும். மனிதன் வெடுக்கென இழுத்தால் விட வேண்டும். கேட்கச் சின்னக் காரியம்போல இருக்கும்.

முதலில் காந்தப் பொத்தான் வைத்தேன். இரண்டே நாள். கிள்ளான் ஸ்டேஷன் படியில் அவள் ரயிலைப் பிடிக்க ஓடும்போது தானாகத் திறந்து பை படிப்படியாக உருண்டு, ஃபோன் கண்ணாடி போனது. காந்தம் இதற்கு ஆகாது. பையின் கனம் ஆடும்போது இரண்டு மடங்காகும் என்பதை அறிவியல் கூடத்தில் இத்தனை வருடம் இருந்தவள் நினைத்திருக்க வேண்டும்.

பிறகு நூலுக்கு வந்தேன். மெழுகு நூலை விட்டுவிட்டு, சட்டைப் பொத்தான் தைக்கும் சாதாரணப் பருத்தி நூலை எடுத்தேன். ஒரு பக்க வளையத்தில் பெட்டித் தையலைப் பிரித்து, பித்தளை ஆணியைப் பிடுங்கி, மடிப்பை நான்கே துளையில் தைத்தேன். இழுத்தால் அந்த மடிப்பு திறந்து, வளையம் நழுவி, பை கழன்றுவிடும். வாரும் தோளிலிருந்து உருவிக்கொண்டு பையோடு போய்விடும். பள்ளியிலிருந்து சுருள்வில் தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். வாரைக் கேட்டின் கம்பியில் மாட்டி, தராசைப் பையில் கோத்துக் கணவரை இழுக்கச் சொன்னேன்.

தராசின் முள் கடைசிக் கோட்டுக்குப் போய் முட்டியது. நூல் அறவில்லை.

"இன்னும் இழுங்க."

"தராசு பிஞ்சிடும். பள்ளிக்கூடத்துச் சாமான்."

தராசைக் கழற்றிவிட்டுக் கையாலேயே இழுத்தார். கேட் குலுங்கியது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. அறவில்லை.

பொத்தான் நூல், நான்கு துளை. அறாமல் இருக்கக் காரணமே இல்லை. அவிழ்த்து மேசைக்குக் கொண்டு போய்க் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நான்காவது துளையிலும் மூன்றாவதிலும் நூல் இரட்டையாக ஓடியிருந்தது. பின்னால் முனை வெட்டி அமுக்கப்பட்டிருந்தது. என் கை முடித்த பின் இரண்டு துளை திரும்பி வந்திருக்கிறது. நான் நினைக்கவேயில்லை. என் பிள்ளைக்காக அறுந்துபோகட்டும் என்று வேண்டிக்கொண்டே தைத்த தையலைக் கை பூட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கிறது.

பிரித்து மறுபடி தைத்தேன். நான்காவது துளையில் நிறுத்த வேண்டும். ஊசி அந்தரத்தில் நின்றது, கை மூன்றாவது துளைக்குப் போனது, இழுத்துப் பிடித்தேன். அது வேலையை முடிக்காமல் எழுந்திருப்பது போல இருந்தது, அடுப்பை அணைக்காமல் வெளியே போவது போல. கடைசியில் கணவரைக் கூப்பிட்டு, நான்காவது துளை வந்ததும் கத்தரியால் நூலை வெட்டச் சொன்னேன். வெட்டினார். ஒற்றைத் தளர்முடிச்சு மட்டும் போட்டேன். அதற்கே இரண்டு தடவை தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

இந்த முறை முள் பாதிக்கு மேல் ஏறியதும் பட்டென்று விட்டது. கணவர் இரண்டடி பின்னால் தடுமாறினார். அதன் பிறகு வேறு வேறு துளை எண்ணிக்கையில் முயன்று பார்த்தோம். மூன்று துளை குடையும் தண்ணீர்ப் புட்டியும் வைத்தால் தாங்கவில்லை. ஐந்து, அவர் இழுத்தால் விட்டது, நான் இழுத்தால் விடவில்லை. நான்குதான் சரி. உங்கள் பைக்கு எண்ணிக்கை வேறாக இருக்கலாம். என் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். இழுத்துப் பார்த்து உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள். பருத்தி நூல் வியர்வைக்கும் மழைக்கும் சீக்கிரம் நைந்துபோகும், எனவே மாதம் ஒருமுறை பிரித்துத் தைக்க வேண்டும். அடையாள அட்டையும் ரயில் அட்டையும் பையில் இருக்கக் கூடாது. அவற்றுக்குத் தட்டையாக ஓர் உறை தைத்து உடுப்பின் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பை போனால் போகட்டும் என்று விட மனம் வர வேண்டுமானால், உள்ளே விட முடியாதது எதுவும் இருக்கக் கூடாது.

கேட்டில் மாட்டி இழுத்துப் பார்த்தால் போதும் என்றுதான் நினைத்தேன். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு போர்ச்சில் வந்து நின்றாள், எனக்கு முதுகைக் காட்டி.

"இழுங்கம்மா."

"அப்பா இழுக்கட்டும்."

"அப்பா கண்ண மூடிக்குவார். நீங்க இழுங்க."

வலது பக்கமாகத் தொங்கிய பையைப் பிடித்தேன். உள்ளே குடை, புட்டி, டப்பா, எல்லாம் வழக்கம் போல. அவள் இடது தோளில், சட்டைக் கழுத்தை ஒட்டி, எலும்பு கூடிய இடத்தில் ஒரு சிறு மேடு தெரிந்தது. அதன் மேல்தான் வார் கிடந்தது. இழுத்தேன்.

"அவனுங்க இப்படியா இழுப்பானுங்க? இது, கடைக்கு வான்னு கூப்பிடற மாதிரி இருக்கு."

மறுபடி இழுத்தேன். அவள் ஒரு அடி சாய்ந்து நிமிர்ந்தாள்.

"மா. நான் நாளைக்குப் போறேன். நீங்க இழுத்தாலும் போறேன், இழுக்காட்டியும் போறேன்."

அவள் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் நடுங்கியது. அதுவரை அவளுக்குப் பயமே இல்லை, எல்லாப் பயமும் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதுகைக் காட்டி நின்றதுகூட முகத்தைக் காட்டாமல் இருக்கத்தான் என்று அப்போது புரிந்தது. பின்னாலிருந்து ஒரு கை வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு நிற்கிறாள், அதுவும் என் கை.

இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு வெடுக்கென்று இழுத்தேன். பட் என்று ஒரு சின்னச் சத்தம். நான் பின்னால் போய்க் காரில் முட்டி நின்றேன், பை என் மார்பில். அவள் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். வார் அவள் தோளிலிருந்து உருவி வந்து என் காலடியில் கிடந்தது. திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சொன்னது இதுதான்: "டப்பால ஒன்னும் கொட்டலயே? சரி, தச்சுக் குடுங்க. அயர்ன் பண்ணப் போறேன்."

அதற்குப் பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு அவளே பையைக் கொண்டு வந்து என் மடியில் வைக்கிறாள். நான் பழைய நூலைப் பிரித்து நான்கு துளை தைக்கிறேன். ரயிலிலிருந்து இறங்கியதும் ஒரு செய்தி, அலுவலகம் போனதும் ஒரு செய்தி. நடுவில் உள்ள பத்து நிமிடம் நான் குடுவை கழுவுவதில்லை. உடைந்துவிடும்.

போன மாதம் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவள் பையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள், வார் தரையில் இழுபட. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னாச்சு?"

"ஒன்னும் இல்லமா. பூக்கடை அக்கா கடைக்கிட்ட அஞ்சடியில மோட்டார் நிறுத்தி வச்சிருப்பாங்க இல்ல, அந்த ஹாண்டல்ல பேக் மாட்டிகிச்சு. நான் ஃபோன் பார்த்துகிட்டே நடந்துட்டேன். அக்கா கத்தறாங்க, ஏம்மா பொண்ணு, உன் பேக்கு மோட்டார்ல தொங்குதுன்னு. திரும்பிப் பார்த்தா, பேக் அங்க இருக்கு, நான் இங்க இருக்கேன். ரோட்டுல எல்லாரும் சிரிக்கறாங்க."

"உனக்கு அடி கிடி?"

"அடியா? எனக்குத் தெரியவே இல்ல, அறுந்தது." பையை என் மடியில் போட்டாள். "அக்கா வேற கேட்கறாங்க, உங்கம்மா நல்லா தைப்பாங்களே, இப்ப என்ன இப்படித் தச்சிருக்காங்க, வயசாயிடுச்சான்னு."

குளிக்கப் போய்விட்டாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் பையை விளக்கடிக்குக் கொண்டு போனேன். மடிப்பைப் பார்த்தேன். நான்கு துளையும் சுத்தமாகத் திறந்திருந்தன, தோல் கிழியவில்லை. வியர்வையிலும் மழையிலும் நைந்திருந்த பருத்தி நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தேன். பிறகு ஊசியில் புது நூல் கோத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கை திரும்பப் பார்த்தது. கத்தரியை எடுத்து நானே வெட்டினேன்.